கூத்து ராத்திரியைக் கணினியில் விடிய வைக்கலாமா?

வெளிச்சம் குறைந்த இடத்தில் எடுத்த படத்தைத் திருத்த உட்கார்ந்தால், பெரும்பாலானோர் முதலில் கை வைப்பது எக்ஸ்போஷர் ஸ்லைடரில்தான். அதை வலப்பக்கம் இழுத்ததும் இருட்டுக்குள் இருந்ததெல்லாம் எழுந்து வரும். கூடவே புள்ளி புள்ளியாக நாய்ஸும் வரும். உடனே நாய்ஸைக் குறைக்கும் ஸ்லைடரைத் தேடுவார்கள். அது முகத்தை மெழுகாக்கிவிடும். மெழுகை மறைக்க ஷார்ப்னஸைக் கூட்டுவார்கள், போன நாய்ஸ் பாதி திரும்பி வரும். கடைசியில் பகலும் இல்லாமல் இரவும் இல்லாமல் சாம்பல் பூத்த ஒரு படம் மிஞ்சும்.

என் கணக்கில் இருட்டுப் படத்தைத் திருத்துவது இரண்டு வேலைகள். ஒன்று, நிறத்தைச் சரி செய்வது. இன்னொன்று, கறுப்பு எங்கே தொடங்க வேண்டும் என்று முடிவு செய்வது. நாய்ஸ் இவற்றுக்குப் பிறகுதான். இந்த வரிசை எனக்குப் பிடிபட்டது தெருக்கூத்துப் படங்களோடு மல்லுக்கட்டியதில்.

பங்குனி பிறந்துவிட்டால் செய்யாறு, வந்தவாசி, காஞ்சிபுரம் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் தொடங்கிவிடும். பகலில் பிரசங்கம், ராத்திரியில் கூத்து. பத்து மணிக்கு மேல் மேளக்கட்டு ஆரம்பித்தால் விடிந்த பிறகுதான் முடியும். ஒரு காலத்தில் இதற்குத் தீவட்டியும் பிறகு பெட்ரோமாக்ஸும்தான் வெளிச்சம். இன்றைக்கு நிலைமை வேறு. பந்தல் மூங்கிலில் கட்டிய டியூப் லைட்டுகள், எதிரே ஒரு எல்இடி ஃபோகஸ் லைட், பின்னால் கோபுரத்தில் ஓடும் சீரியல் செட், ஓரத்தில் டீக்கடைக் குண்டு பல்பு, அதற்கும் அப்பால் மஞ்சளாகவோ வெள்ளையாகவோ ஒரு தெரு விளக்கு. குண்டு பல்பின் நிறவெப்பம், அதாவது வெளிச்சம் மஞ்சளா நீலமா என்று சொல்லும் அளவு, ஏறக்குறைய 2700 கெல்வின்; எண் கூடக் கூட நீலம் கூடும். வெள்ளை எல்இடி 6500 வரை போகும். சீரியல் செட்டுக்குக் கெல்வின் கணக்கே கிடையாது. இவை எல்லாம் ஒரே முகத்தில் ஒரே நேரத்தில் விழும். அந்த முகத்திலோ அரிதாரம் பூசியிருக்கும். தோளிலும் மார்பிலும் கிரீடத்திலும் கண்ணாடிச் சில்லு ஒட்டிய கட்டைகள், ஒவ்வொரு சில்லும் வேறொரு விளக்கைக் காட்டிக்கொண்டிருக்கும்.

எடுக்கும்போது செய்ய முடிவது கொஞ்சம்தான், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ரா கோப்பாக, அதாவது சென்சார் பதிந்ததைக் கேமரா திருத்தாமல் அப்படியே தரும் கோப்பாக, எடுக்க வேண்டும், இதில் பேரமே இல்லை. ஜேபெக்கில் ஒரு நிறத்துக்கு 256 படிகள். 14 பிட் ரா கோப்பில் 16,384. இருட்டை உயர்த்தும்போது கிடைக்கிற இடமெல்லாம் அந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் பழைய டியூப் லைட்டுகளும் மலிவான எல்இடிகளும் நொடிக்கு 100 முறை துடிக்கும். ஷட்டரை 1/100 நொடியில் வைத்தால் படத்தில் இருட்டுப் பட்டை விழாது. ஆனால் துரியோதனன் சுழன்றாடும்போது 1/100 போதாது, 1/250 வேண்டும். அப்போது சில பட்டைகள் விழத்தான் செய்யும், பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான். நெற்றியும் கண்ணாடியும் வெளுத்துப் போகாத அளவுக்கு ஒரு ஸ்டாப் குறைத்து, அதாவது பாதி வெளிச்சத்தில், எடுப்பது என் வழக்கம். நிழலில் இருப்பதை ஓரளவு மீட்கலாம். வெளுத்துப் போனதை எந்த மென்பொருளும் மீட்காது.

இனி நாய்ஸ் எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடலாம். ஐஎஸ்ஓவைக் கூட்டியதால் நாய்ஸ் வந்தது என்று எல்லோரும் சொல்வார்கள். உண்மையில் அது வெளிச்சம் போதாததால் வந்தது. ஒளி சென்சார் மீது ஒழுங்காக வந்து விழுவதில்லை. ஒவ்வொரு பிக்சலிலும் விழுகிற ஒளித்துகள்களின் எண்ணிக்கை தன்னால் ஏறி இறங்கும், அந்த ஏற்ற இறக்கம் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தின் அளவில் இருக்கும். 10,000 துகள் விழுந்தால் ஏற்ற இறக்கம் 100, அதாவது 1 சதவீதம். 100 துகள்தான் விழுந்தது என்றால் 10, அதாவது 10 சதவீதம். வெளிச்சத்தை நான்கு மடங்கு கூட்டினால்தான் படம் இரண்டு மடங்கு சுத்தமாகும். ஐஎஸ்ஓ என்பது கிடைத்ததைப் பெருக்கிக் காட்டுகிற வேலை, அவ்வளவே. பல கேமராக்களில் ஐஎஸ்ஓவைக் குறைத்து வைத்து எடுத்துவிட்டுக் கணினியில் உயர்த்தினால் நாய்ஸ் கூடவே செய்யும். ஐஎஸ்ஓ 6400 என்றதும் பதறத் தேவையில்லை.

இதில் இன்னொரு சங்கதி உண்டு, திருத்துகிறவர்கள் அதிகம் கவனிக்காதது. சென்சாரின் ஒவ்வொரு பிக்சலும் ஒரே ஒரு நிறத்தைத்தான் பார்க்கும். கோடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் 1976இல் காப்புரிமை பெற்ற அமைப்பு இது: நான்கு பிக்சலில் இரண்டு பச்சை, ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். மீதி நிறங்களை அக்கம்பக்கத்துப் பிக்சல்களைப் பார்த்து மென்பொருள் ஊகிக்கிறது. குண்டு பல்பு வெளிச்சத்திலும் எண்ணெய் விளக்கு வெளிச்சத்திலும் நீலம் மிகக் குறைவு. ஆகவே இருக்கிற பிக்சல்களில் கால்வாசியே நீலத்தைப் பார்க்கின்றன, அவையும் அரைப்பட்டினியில் கிடக்கின்றன. நாம் ஒயிட் பேலன்ஸை, அதாவது வெள்ளை வெள்ளையாகத் தெரிய நிறங்களைச் சமன் செய்யும் வசதியை, வைத்து மஞ்சளை நீக்கும்போது மென்பொருள் என்ன செய்கிறது? அந்த நீலத்தை இரண்டரை, மூன்று மடங்கு பெருக்குகிறது. நாய்ஸும் அதே அளவு பெருகுகிறது. டார்க்டேபிள் என்ற படத்திருத்த மென்பொருளில் ஒயிட் பேலன்ஸ் பகுதியைத் திறந்தால் இந்தப் பெருக்கல் எண்களையே பார்க்கலாம். கறுத்த தலைமுடியில் நீலமும் ஊதாவுமாகப் பூஞ்சை பிடித்த மாதிரி தெரிகிறதே, அது பெரும்பாலும் இங்கிருந்து வருவது.

மஞ்சளை முழுக்க எடுக்காதீர்கள் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். குண்டு பல்பின் கீழே உட்கார்ந்திருக்கிறவர் நம் கண்ணுக்கே கொஞ்சம் மஞ்சளாகத்தான் தெரிவார். அவரை நடுப்பகல் வெள்ளைக்குக் கொண்டுவந்தால் படம் பொய்யாகிறது, நாய்ஸும் கூடுகிறது. பாதி வழியில் நிறுத்தினால் இரண்டுமே குறையும்.

சரி, ஒயிட் பேலன்ஸை எதை வைத்துப் பிடிப்பது? வெள்ளையாக இருக்கும் ஏதாவது ஒன்றைச் சொடுக்குங்கள் என்று பாடப்புத்தகம் சொல்லும். கூத்துக் களத்தில் வெள்ளை என்றால் வேட்டிதான். நம் ஊர் வேட்டி வெள்ளை அல்ல, அது சொட்டு நீலம் போட்டு அலசியது. அந்த நீலத்தை வெள்ளை என்று மென்பொருளிடம் சொன்னால், அதை ஈடுகட்ட மொத்தப் படத்திலும் மஞ்சளை ஏற்றிவிடும். ஏற்கெனவே மஞ்சள் அப்பியிருக்கும் முகம் காவியாகிவிடும். வேட்டியைவிட மத்தளக்காரர் பக்கத்தில் கிடக்கும் பழைய நோட்டுப் புத்தகத் தாளோ, எவர்சில்வர் செம்போ தேவலை. செம்பு வெளிச்சத்தை அப்படியே திருப்பிக் காட்டும், அதில் எந்த விளக்கு தெரிகிறதோ அந்த விளக்குக்குச் சரியான அளவு கிடைத்துவிடும். இதுவும் இல்லையென்றால் நான் பார்ப்பது ஆர்மோனியக்காரரின் கையை. அரிதாரம் இல்லாத தோல், எனக்குத் தெரிந்த நிறம். அது சரியாக வந்துவிட்டால் மற்றதெல்லாம் ஏறக்குறையச் சரியாக இருக்கும்.

ஒரே ஒயிட் பேலன்ஸில் மொத்தப் படத்தையும் முடிக்க முடியாது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிட்டால் பாதி தலைவலி தீரும். களத்துக்கு ஒன்று, டீக்கடைப் பக்கத்துக்கு ஒன்று என்று மாஸ்க் போட்டு, அதாவது படத்தின் ஒரு பகுதியை மட்டும் தேர்ந்து, பிரித்துக்கொள்ளலாம். லைட்ரூம் என்ற மென்பொருளில் ஒவ்வொரு மாஸ்க்குக்கும் தனித்தனியாக நிறவெப்பம் வைக்கலாம். டார்க்டேபிளில் கலர் காலிபரேஷன் என்ற பகுதியை இரண்டு முறை சேர்த்து, இரண்டாவதற்கு மட்டும் மாஸ்க் கொடுக்கலாம். நான் டார்க்டேபிள் ஆள். 2009இல் தொடங்கிய இலவச மென்பொருள், இன்றும் தன்னார்வலர்கள் வளர்த்துவருவது. முதல் வாரம் அது உங்களைக் கதறவிடும். எங்கே திரும்பினாலும் புதிதாக ஒரு பகுதி, ஒவ்வொன்றிலும் பத்து ஸ்லைடர். ஆனால் இருட்டுப் படங்களுக்கு வேண்டியது எல்லாம் அதற்குள் இருக்கிறது, மாதச் சந்தாவும் இல்லை.

அடுத்தது சிவப்பு. கூத்தில் முகத்தின் நிறம் அலங்காரத்துக்காகப் பூசுவதல்ல. வழக்கமாகக் கிருஷ்ணனுக்குப் பச்சை, துரியோதனனுக்குச் சிவப்பு. தூரத்தில் உட்கார்ந்திருக்கும் பாட்டிக்கு வேஷம் யாரென்று முகத்தை வைத்தே தெரிந்துவிடும். மலிவான எல்இடி விளக்குகளின் ஒளியில் ஆழ்ந்த சிவப்பு மிகக் குறைவு. கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிகிற அந்த வெளிச்சத்தில் சிவப்புப் பூச்சு செங்கல்பொடி நிறத்தில் மங்கிப் போகும். எல்லா நிறங்களுக்கும் சேர்த்து சாச்சுரேஷனை, அதாவது நிறத்தின் அடர்த்தியை, கூட்டினால் முகம் சிவக்கும், ஆனால் சீரியல் செட் கண்ணைக் குத்தும். சிவப்பின் எல்லைக்குள் மட்டும் ஹியூவை (நிறச் சாயலை) ஒரு துளி மஞ்சளிலிருந்து விலக்கி, சாச்சுரேஷனைக் கொஞ்சம் கூட்டி, பிரகாசத்தைக் கொஞ்சம் இறக்கினால் பூச்சு தன் கனத்துக்கு வந்துவிடும். பிரகாசத்தை இறக்குவதுதான் இதில் முக்கியம். சிவப்பு ஆழமாகத் தெரிய அது கொஞ்சம் இருண்டிருக்க வேண்டும்.

சமீபத்தில் சில ஊர்களில் கல்யாண மண்டபத்துப் பார் லைட்டுகளைக் கூத்துக் களத்துக்கும் கொண்டுவந்துவிட்டார்கள். நீலம், ஊதா, ரோஸ் என்று மாறிக்கொண்டே இருக்கும். முழு நீல வெளிச்சத்தில் எடுத்த முகத்தில் சிவப்புப் பிக்சலும் பச்சைப் பிக்சலும் ஏறக்குறையக் காலி. நீலம் மட்டும் நிரம்பி வழியும். கிடைப்பது முகம் அல்ல, கண்ணும் மூக்கும் கரைந்த ஒரு நீலத் திட்டு. இதைச் சரி செய்கிறேன் என்று மணிக்கணக்கில் உட்கார்வதைவிட, விளக்கு நிறம் மாறும் வரை காத்திருந்து எடுத்த அடுத்த படத்தைத் திறப்பது மேல். அப்படி ஒன்று இல்லையென்றால் கறுப்பு வெள்ளை. நீலச் சானல், அதாவது நீலப் பிக்சல்களின் பதிவு, வெளுத்துப் போகாமல் இருந்தால் அதை மட்டும் வைத்துக்கொண்டு மாற்றினால் முகம் ஓரளவு திரும்பி வரும். ஆனால் கறுப்பு வெள்ளையில் துரியோதனன் யார், கிருஷ்ணன் யார்? அதனால்தான் அந்தப் பக்கம் போக எனக்கு மனசு வருவதில்லை. வெளிச்சம் மோசமாக இருந்தால் கறுப்பு வெள்ளை ஆக்கிவிடு என்று சொல்கிறவர்கள் கூத்தைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

கறுப்புக்குப் போகும் முன் நாய்ஸைச் சொல்லிவிடுகிறேன், செய்யும்போது அது கடைசியில்தான். அது இரண்டு வகை. நிறப் புள்ளிகளாக வருவது ஒன்று, வெளிச்சக் கூடுதல் குறைவாக வருவது இன்னொன்று. நிற நாய்ஸைத் தயங்காமல் எடுத்துவிடலாம். நம் கண்ணுக்கு நிறத்தில் நுணுக்கம் போனால் அவ்வளவாகத் தெரியாது. லைட்ரூம் ரா கோப்பைத் திறக்கும்போதே நிற நாய்ஸ் குறைப்பை 25இல் வைத்துத்தான் திறக்கிறது, வெளிச்ச நாய்ஸ் குறைப்பு பூஜ்யத்தில் இருக்கும். அந்த இரண்டு எண்களே ஒரு பாடம். வெளிச்ச நாய்ஸ் பழைய ஃபிலிமில் தெரியும் பொடிப்பொடியான மணியைப் (கிரெய்ன்) போன்றது, அதோடு வாழலாம். அதைத் துடைக்கும்போது கூடவே அரிதாரத்தின் பொடித்தன்மை, வியர்வை வழிந்து பூச்சு கோடு விட்ட இடம், ஒட்டு மீசையின் முடி எல்லாம் போய்விடும். விடியற்காலை நான்கு மணிக்கு எடுத்த முகத்தில் இருக்கிற விஷயமே அதுதானே.

டார்க்டேபிளில் டினாய்ஸ் ப்ரொஃபைல்ட் என்ற பகுதி இருக்கிறது. பல கேமரா மாடல்களுக்கு, ஐஎஸ்ஓ வாரியாக நாய்ஸ் எப்படி இருக்கும் என்று முன்கூட்டியே அளந்து வைத்திருக்கிறார்கள். இயக்கினாலே ஏறக்குறைய வேலை முடிந்துவிடும். அதற்குள் இருக்கும் ஒரு முறை ‘நான்-லோக்கல் மீன்ஸ்’ (non-local means), 2005இல் வெளியான ஆய்விலிருந்து வந்தது. படத்தின் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு, அதைப் போலவே இருக்கும் வேறு துண்டுகளைத் தேடி, எல்லாவற்றையும் சேர்த்துச் சராசரி பார்க்கும். பந்தல் துணி, சுவர், வானம் மாதிரி ஒரே மாதிரியான பரப்புகளில் அற்புதமாக வேலை செய்யும். கண்ணாடிச் சில்லில் தடுமாறும், ஏனென்றால் ஒரு சில்லைப் போல இன்னொன்று இல்லை. ஆகவே பின்னணிக்கு முழு அளவு, முகத்துக்கும் கட்டைகளுக்கும் கால் அளவு என்று மாஸ்க் போட்டுப் பிரிப்பேன். மாறுபாட்டைக் கூட்டும் கிளாரிட்டி, டீஹேஸ் போன்றவற்றைப் பின்னணியில் தொடவே மாட்டேன், அடங்கிக் கிடக்கும் நாய்ஸைத் தட்டி எழுப்புவது அவைதான்.

நாய்ஸை நூறு சதவீதம் பெரிதாக்கிப் பார்த்துக் கவலைப்படுகிறவர்களுக்கு ஒரு கணக்கு. 24 மெகாபிக்சல் படம் 6000க்கு 4000. அதை இணையத்துக்காக 2000 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கினால், ஒன்பது பிக்சல் சேர்ந்து ஒன்றாகிறது. சராசரி கணக்குப்படி நாய்ஸ் மூன்றில் ஒன்றாகக் குறைந்துவிடும். போனில் பார்க்கப் போகிற படத்துக்குப் பெரிதாக்கிப் பார்த்து நாய்ஸைத் துடைப்பது வீண் வேலை. முதலில் சுருக்கிப் பாருங்கள், அப்புறம் முடிவு செய்யுங்கள்.

ஏஐ நாய்ஸ் நீக்கம் பற்றிச் சொல்லாமல் விட்டால் சண்டைக்கு வருவீர்கள். டிஎக்ஸ்ஓ நிறுவனத்தின் டீப்பிரைம் 2020இல் வந்தது, லைட்ரூமுக்குள் டினாய்ஸ் பொத்தான் 2023 ஏப்ரலில் வந்தது. நன்றாக வேலை செய்கின்றன, அதை மறுக்கவில்லை. பல நிழல்களில் பழைய முறைகளால் நினைத்தும் பார்க்க முடியாத சுத்தம். பேயர் அமைப்பில் விடுபட்ட நிறங்களை ஊகிப்பதையும் நாய்ஸ் நீக்குவதையும் ஒரே மூச்சில் செய்வதால் வருகிற நன்மை அது. ஆனால் இவை லட்சக்கணக்கான படங்களைப் பார்த்து, இங்கே இப்படித்தான் இருக்க வேண்டும் என்று கற்றுக்கொண்டவை. தகவல் இருக்கும் இடத்தில் அது உதவி. தகவலே இல்லாத இடத்தில் அது கற்பனை. பின்வரிசையில், வெளிச்சம் தீண்டாத தூரத்தில் உட்கார்ந்திருக்கும் சனங்களின் முகங்களில் இதைப் பார்க்கலாம். பத்துப் பதினைந்து பிக்சலில் மங்கலாக இருந்த முகத்துக்குத் தெளிவாக ஒரு கண்ணும் உதடும் முளைத்திருக்கும். அந்தக் கண் யாருடையது? அந்த ஊரில் அப்படி ஒரு ஆளே இல்லை. அரிதாரம் பூசிய முகத்தையும் இவை சரும நோயாகவோ பிளாஸ்டிக்காகவோ நினைத்துக்கொள்கின்றன. நான் இந்தப் பொத்தானைப் பயன்படுத்தினால் அளவைப் பாதிக்குக் குறைவாக வைத்து, பின்வரிசை முகங்களைப் பழைய படத்திலிருந்தே மீண்டும் ஒட்டிக்கொள்வேன். மங்கலாக இருந்தாலும் அவை அவர்களுடைய முகங்கள்.

இனி கறுப்பு. கூகுள் தன் பிக்சல் போன்களில் நைட் சைட் வசதியை 2018 நவம்பரில் கொண்டுவந்தபோது, அதை உருவாக்கியவர்கள் ஒரு விளக்கக் கட்டுரை எழுதினார்கள். அடுத்தடுத்துப் பல ஃபிரேம்களை எடுத்து அடுக்கிச் சராசரி பார்ப்பதால், கண்ணுக்குத் தெரிவதைவிட அதிக வெளிச்சத்தை அந்தப் போனால் காட்ட முடிந்தது. அங்கேதான் சிக்கல்: ராத்திரி எடுத்த படம் பகல் போலத் தெரிந்தால் பார்க்கிறவன் குழம்பிப் போவான். அதற்கு அவர்கள் ஓவியர்களிடம் போனார்கள். ஆங்கில ஓவியர் ஜோசப் ரைட் 1766இல் வரைந்த படம் ஒன்றை உதாரணம் காட்டினார்கள். கோள்களின் இயக்கத்தைக் காட்டும் கருவியைச் சுற்றி ஒரு கூட்டம், நடுவே மறைந்திருக்கும் ஒரு விளக்கு, அதன் வெளிச்சம் பட்ட முகங்கள், மற்றதெல்லாம் கும்மிருட்டு. மாறுபாட்டைக் கூட்டு, நிழலைக் கறுப்பில் விடு, காட்சியைச் சுற்றி இருட்டை வை. இந்த மூன்றில் சிலவற்றை அப்படியே எடுத்து இருட்டை இன்னும் இருட்டாக்கி வெளிச்சத்தை உயர்த்தும் எஸ் வடிவ வளைவாக மென்பொருளில் போட்டார்கள். கூத்துக் களமும் அந்த ஓவியமும் ஒரே அமைப்பு என்பது அதைப் பார்த்தால் உடனே புரியும்.

கண்ணும் இதற்கு ஒத்துப்போகிறது. பகலில் நம் கண் 555 நானோமீட்டர் பக்கத்தில், அதாவது பச்சை மஞ்சளில், அதிகக் கூர்மை. இருட்டுக்குப் பழகிவிட்டால் அது 507 பக்கம் நகர்ந்துவிடும். நீலப்பச்சை தூக்கலாகும், சிவப்பு கறுத்துப் போகும், இன்னும் இருட்டினால் நிறமே தெரியாது. செக் நாட்டு உடலியல் அறிஞர் புர்க்கின்யே 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கவனித்துச் சொன்னது இது. கேமராவுக்கு இந்தப் பழக்கம் கிடையாது. இருட்டில் மடித்து வைத்த சிவப்புப் போர்வையை அது சிவப்பாகவே பதிந்துகொள்ளும். அதனால் நிழல்களை உயர்த்தும்போது அவற்றின் நிறத்தைக் கூடவே இறக்கிவிட வேண்டும். டார்க்டேபிளில் கலர் பேலன்ஸ் பகுதியில் நிழலுக்கு மட்டும் சாச்சுரேஷனைக் குறைக்க வழி இருக்கிறது. நிழலின் நிறத்தை மூன்றில் ஒரு பங்கு குறைத்தாலே படம் மறுபடியும் ராத்திரி ஆகிவிடும். நிற நாய்ஸ் அதோடு சேர்ந்து அமுங்கிவிடுவது கூடுதல் லாபம்.

ஆனால் கறுப்பை எவ்வளவு அழுத்துவது என்பதில் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. கூத்து என்பது களத்தில் ஆடுகிறவர் மட்டும் அல்ல. தரையில் பாய் விரித்துப் படுத்திருக்கும் குழந்தைகள், தூங்கி விழுந்து கட்டியக்காரன் நகைச்சுவைக்கு மட்டும் எழுந்து சிரிக்கிறவர்கள், சுவரோரம் பீடி புகைக்கும் பெரியவர், எல்லாம் சேர்ந்தது. நடிகர் மட்டும் ஜொலிக்கட்டும் என்று பிளாக்ஸ் ஸ்லைடரை இடப்பக்கம் தள்ளினால் அவர்கள் எல்லாரும் படத்திலிருந்து வெளியேற்றப்படுகிறார்கள். சபா மேடையில் எடுத்த படம் மாதிரி ஆகிவிடும். செய்திப்படத் துறையில் இதை வெறும் ருசி விஷயமாக எடுத்துக்கொள்வதில்லை. வேர்ல்ட் பிரஸ் ஃபோட்டோ போட்டியில் 2015இல் இறுதிக்கு முந்தைய சுற்றுக்கு வந்த படங்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றை, ரா கோப்போடு ஒப்பிட்டுப் பார்த்துத் தள்ளிவிட்டார்கள். வெளிச்சத்தையும் இருட்டையும் மாற்றி உள்ளதை இல்லாமல் செய்வதும் அங்கே குற்றம்தான்.

நான் செய்வது இது. வெளிச்ச அளவு வாரியாகத் திருத்த உதவும் டோன் ஈக்வலைசரில் முகத்தின் பிரகாசத்தை முதலில் நிறுத்திக்கொள்வேன். பிறகு சனங்கள் இருக்கும் நிழலை மெதுவாக உயர்த்திக்கொண்டே போவேன். இவ்வளவு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று தலைகளை எண்ண முடிகிற இடம் வந்ததும் நிறுத்திவிடுவேன். முகபாவம் தெரியும் அளவுக்குப் போனால் அது அதிகம். அங்கே நேரில் இருந்தபோதும் அவ்வளவு தெரியவில்லை. பந்தலுக்கு மேலே இருக்கும் வானத்தைத் தொடுவதே இல்லை, அது கறுப்பு, அப்படியே இருக்கட்டும்.

இத்தனையும் சரியாக வர வேண்டுமானால் உங்கள் மானிட்டர் ஒழுங்காக இருக்க வேண்டும். கடையிலிருந்து வந்த மானிட்டர் பெரும்பாலும் சதுர மீட்டருக்கு 300 கேண்டெலா பிரகாசத்தில் கொதிக்கும். படம் திருத்த 80 முதல் 120 போதும். பளீரென்ற மானிட்டரில் இருட்டுப் படத்தைத் திருத்தினால் நீங்கள் அறியாமலே இன்னும் இருட்டாக்கிவிடுவீர்கள், பிறகு வேறொருவர் போனில் பார்த்துவிட்டு ஒன்றுமே தெரியவில்லை என்பார். இன்னொன்று, வாட்ஸ்அப். அனுப்பும்போது அது படத்தை நசுக்கும். இருண்ட வானத்தின் மெல்லிய ஏற்ற இறக்கம் முதல் பலி, கட்டம் கட்டமாகத் திட்டு விழும். அதைத் தடுக்க, நாய்ஸை எல்லாம் துடைத்த பிறகு கொஞ்சம் செயற்கை மணியைத் தூவி அனுப்ப வேண்டும். நீக்கியதையே திரும்பப் போடுவது கிறுக்குத்தனமாகத் தெரியும், ஆனால் வேலை செய்கிறது.

இதெல்லாம் என் ஆசைக்கும், படத்தைப் படமாகப் பார்க்கிறவர்களுக்கும். கூத்துக்காரர்களின் தேவை வேறு. ஒரு ஜமாவின் (கூத்துக் குழுவின்) வாத்தியாருக்குப் படங்களைப் போனில் காட்டினேன். நிழல், சனங்கள், வானம் என்று நான் பார்த்துப் பார்த்துச் செதுக்கியதை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனார்.

“இன்னா தம்பி, எல்லாம் கரேல்னு இருக்குது. கிரீடம் தெரியணும், மூஞ்சி தெரியணும். நோட்டீஸ்ல போடணும்ல?”

“ராத்திரி எடுத்தது வாத்தியாரே, ராத்திரி மாதிரி இருந்தாத்தானே நல்லா இருக்கும்?”

“ராத்திரிதான்னு ஊருக்கே தெரியுமே தம்பி. நீ வெளிச்சமா குடு.”

அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அடுத்த வருஷக் கூத்துக்கு ஆள் வந்து அச்சாரம் கொடுப்பது அந்த ஃபிளெக்ஸையும் நோட்டீஸையும் பார்த்துத்தான். ஃபிளெக்ஸ் அச்சு மானிட்டரைப் போல உள்ளிருந்து ஒளிராது, நிழலை விழுங்கிவிடும், நான் கொடுத்த படம் அதில் கரிக்கட்டையாகத்தான் வந்திருக்கும். நடுத்தொனிகளை நன்றாக உயர்த்தி, சனங்களை எல்லாம் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து ஒரு கோப்பு கொடுத்தேன். ஃபிளெக்ஸ் கடைக்காரர் அவரை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டு, பின்னால் தீ ஜுவாலையும் இரண்டு தாமரையும் வைத்து முடித்துவிட்டார். வாத்தியாருக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது.

இப்போதெல்லாம் அந்த வேலையை ராத்திரிப் படத்தில் செய்வதில்லை. வேஷம் கட்டி முடித்து, களத்துக்குப் போவதற்கு முன்பு, கொட்டகை டியூப் லைட்டுக்குக் கீழே வெள்ளைத் துண்டு ஒன்றைப் பின்னால் பிடிக்கச் சொல்லி ஒவ்வொருவரையும் நேராக நிற்க வைத்து எடுத்துவிடுகிறேன். ஒரே விளக்கு, ஒரே நிறம், அசையாத ஆள், 1/100 ஷட்டர். ஒயிட் பேலன்ஸ் ஒரு சொடுக்கில் முடிந்துவிடும். நாய்ஸும் பெரிதாக இருக்காது. வெட்டி ஒட்டுகிறவருக்கும் சுலபம். மீதிப் படங்களில் எவ்வளவு கறுப்பு விடுவது என்று என்னிடம் யாரும் கேட்பதில்லை.